படியில் கிடந்த வலதுகால் செருப்பு

அந்தச் செருப்பை முதலில் பார்த்தது நான்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் பிசியோதெரபி நிலையம். அதற்கு ஏறும் படிக்கட்டின் நான்காவது படியில், நீல வார் வைத்த வலதுகால் செருப்பு மட்டும் கிடந்தது. நம்மவர்கள் கிளினிக்கானாலும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வாசலில் எப்போதும் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். அன்று அந்த வரிசையில் ஓர் இடதுகால் செருப்பு தனியாக இருந்தது. அதன் சொந்தக்காரர் உள்ளே அதிர்வுப் பலகையில் ஏறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஒத்தச் சிலிப்பரோடதான் ட்ரெயின் ஏறுனீங்களா?" என்று கேலி செய்தேன். அவர் குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தார். கழன்று விழுந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "வெயிலு லா மிஸ், கால் வேர்த்து வழுக்கிடுச்சி" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்போதே இந்தத் தொழிலில் பத்து வருடத்துக்கு மேல் தேய்ந்திருந்தவள் நான். சிரித்திருக்கக் கூடாது.

கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரர். ஐம்பதை நெருங்கியவர். வாரத்தில் இரண்டு நாள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். என்ன வேலை என்று கேட்டதற்கு, ஸ்டோரில் சாமான் தூக்குவதாகச் சொன்னார். கிள்ளானில் இல்லாத கிளினிக்கா, இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்றும் ஒருநாள் கேட்டேன். அப்படியே இங்கே கோயிலுக்கும் போய்விட்டுப் போகலாமே என்றார். அதையும் நம்பினேன். வேலை செய்து களைத்தவர்களுக்கு எதையும் நம்பிவிடுவது சுலபம். அடுத்த கேள்வி கேட்கிற வேலை மிச்சம்.

அதிர்வுப் பலகை அப்போது எங்களுக்குப் புதிது. எடை பார்க்கும் இயந்திரம்போல இருக்கும், கொஞ்சம் பெரியது, முன்னால் ஒரு கைப்பிடி. முழங்காலை லேசாக மடித்து அதன்மேல் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் உடம்பு முழுவதும் நடுங்கும், ஒரு நிமிடம் ஓய்வு. அந்த நடுக்கத்தில் விழாமல் நிற்பதற்காகத் தொடையும் இடுப்பும் முதுகும் தாமாகவே இறுகி வேலை செய்யும். நாள் முழுக்க உட்கார்ந்தோ தூக்கியோ முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு இதில் கொஞ்சம் சுகம் கிடைத்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. கால் மரத்துப் போகிறவர்களை மட்டும் மருத்துவர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. முதல் நாள் அதைத்தான் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் "அதெல்லாம் இல்ல மிஸ்" என்றார். படிவத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். வெளியே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

செருப்புக் கதை நடந்து இரண்டு வாரம் இருக்கும். பலகைமேல் கைப்பிடியைப் பிடித்து நின்றவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏறி உக்காந்து லோரிய ஸ்டார்ட் பண்ண மாதிரியே இருக்கு மிஸ். பதினெட்டு வருஷமா ஆடுனது போதாதுன்னு இங்க வந்து வேற ஆடுறேன்" என்றார். சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

ஸ்டோர் வேலை இல்லை. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிப் போகும் பெரிய லோரி ஓட்டுகிறவர். கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் இடது பாதத்தைத் தொட்டேன். உடனே சொன்னார். வலது கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். சுண்டுவிரலையும் தொட்டு முடித்த பிறகு, "எப்ப ஆரம்பிப்பீங்க மிஸ்?" என்று கேட்டார்.

பிரேக் மிதிக்கும் கால் அது. பஞ்சைக் கீழே வைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "எழுதிறாதீங்க மிஸ். லோரி யார்டு முதலாளிக்குத் தெரிஞ்சா சாவிய வாங்கிடுவாங்க. லோரிய விட்டா எனக்கு வேற ஒன்னும் தெரியாது லா" என்றார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எழுதினேன். முதுகெலும்பு மருத்துவர் உடனே பார்க்க வேண்டும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்று தெளிவாகவே எழுதினேன். ஆனால் அந்தக் கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். போன் செய்து மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கலாம். அவர் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவர் அதை யாரிடமும் காட்டமாட்டார் என்று கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். கோப்பில் 'கடிதம் கொடுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கொடுத்திருந்த எண்ணுக்கு மூன்று முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அத்துடன் நானும் விட்டுவிட்டேன். இன்றும் கூட்டரசு நெடுஞ்சாலையில் கொள்கலன் லோரி ஒன்று பின்னால் நெருங்கி வந்தால், கண்ணாடியில் ஓட்டுநரின் முகத்தைத் தேடுகிறேன்.

இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயது. வருடக்கணக்காக அடுத்தவர் முதுகின்மேல் குனிந்து குனிந்து என் முதுகும் போய்விட்டது. காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் அதே பலகையில் ஏறி நிற்கிறேன். ரப்பர் விரிப்பில் பாதம் வைக்கும் இடங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. முதுகு சரியில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் முன்மேசைக்கு மாற்றிவிடுவார், அல்லது போதும் வீட்டில் இருங்கள் என்பார். எனக்கும் இதை விட்டால் வேறொன்றும் தெரியாது.

போன வாரம் அப்படி ஏறப்போன நேரத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் கையில் ஒரு செருப்பு இருந்தது.

"அக்கா, இது உங்களோடதா? படியிலேயே கிடந்துச்சி."

குனிந்து பார்த்தேன். வலது கால். கிள்ளானில் இருக்கும் என் வீட்டிலிருந்து அன்று காலை காரை ஓட்டிக்கொண்டு வந்த கால்.

"வெயிலு லா, கால் வேர்த்து வழுக்கிடுச்சி" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செருப்பைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த குடையை மடக்கப் போனாள்.