பதினேழைத் தாண்டிய நாள்

பில்லியர்ட்ஸ் கூடத்திலிருந்து போன் வந்தபோது மகன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"உங்க பையனோட பெட்டி ஒண்ணு இங்க அலமாரியில இருக்கும்மா. வந்து எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார் கூடத்தை நடத்துகிறவர்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த இடத்தின் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு. வேலை விட்டால் மகன் நேராக அங்கேதான் போவான். ஞாயிறு முழுக்க அங்கேயே கிடப்பான். இருபத்தேழு வயது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கடைசி நாள் காலையிலும் அதை வைத்துத்தான் சண்டை. "அந்தக் குச்சியையே கட்டிக்கிட்டு அழு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அதுதான் வந்து நிக்கும்," என்று கத்தினாள். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு போனான். பதினொரு மணிக்கு ஆறாவது மாடியில் கதவைத் திறந்து கால் வைத்தான். லிஃப்ட் அங்கே இல்லை.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரிகளுக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறவள். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அந்தக் கூடத்துக்குப் போனாள். டயர் கடைக்கு மேலே மாடி. நான்கு மேசை, ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்குகிற விளக்கு, ஆள் இல்லாத நாற்காலிகள். கூடத்துக்காரர் நீளமான பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஆடுகிற கோல் இருந்தது. மூடியின் உள்பக்கம் பென்சிலில் '17' என்று எழுதி, கீழே ஒரு தேதி. மகனின் கையெழுத்து.

"இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் கோலை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்," என்றார்.

அடித்தாள். பந்து துள்ளி மேசையை விட்டுக் குதித்து, நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. குனிந்து அதை எடுத்தபோது, இந்தப் பந்தை அவனும் எத்தனை முறை எடுத்திருப்பான் என்று நினைத்தாள். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வியாழக்கிழமை மறுபடியும் போனாள்.

கணவரிடம் ஓவர்டைம் என்று சொன்னாள். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். மகன் போனதிலிருந்து அதிகம் பேசுவதில்லை, அதனால் துருவிக் கேட்கவும் இல்லை.

கூடத்துக்காரர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். மேசையில் மூன்றே பந்து. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் இரண்டு புள்ளி, சிவப்பைக் குழியில் தள்ளினால் மூன்று. தவறுகிற வரை தொடர்ந்து ஆடலாம். ஆனால் முதல் ஒரு மாதம் அவர் அவளைப் புள்ளி எடுக்கவே விடவில்லை. ஒரே பந்து. அதை மேசையின் நடுக்கோட்டில் நேராக அடிக்கவேண்டும். எதிர் விளிம்பில் மோதி, அதே கோட்டில் திரும்பி, கோலின் நுனிக்கே வரவேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபம். அவள் பந்து கண்ட பக்கம் போனது.

மூக்குக் கண்ணாடி வேறு படுத்தியது. குனிந்தால் சட்டம் குறுக்கே வந்து ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது. தொழிற்சாலையிலிருந்து எலாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து குனிந்தாலும் அதன் வழியே பார்க்கிற மாதிரி கண்ணாடியைச் சற்று மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பந்து ஒன்றாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் அவளுக்கே பிடிபட்டது: நேர்த்தையல் போடும்போது அவள் ஊசியைப் பார்ப்பதில்லை, துணி போகவேண்டிய இடத்தைத்தான் பார்ப்பாள். இங்கேயும் கோலைப் பார்ப்பதை விட்டாள். அன்று பத்துக்கு ஏழு பந்து நேராகத் திரும்பி வந்தன.

புதன்கிழமைகளில் அடுத்த மேசையில் ஒரு பல் டாக்டர் ஆடுவார். ஒரு நாள் அவரிடம் பெட்டி மூடியைத் திறந்து காட்டினாள். "பதினேழுன்னா பெரிய ஆட்டம்தானே டாக்டர்? என் பையன் எழுதினது."

"யாரு, அந்த லிஃப்ட்காரப் பையனா?" அவர் கோலின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "ஒரே மூச்சுல பதினேழு புள்ளி எடுத்திருப்பான், அதுதான். நானே அறுபது எடுப்பேன். அவனுக்கு ஆட்டமே வராதும்மா. ஆறு வருஷமும் கை நடுங்கிட்டேதான் இருந்துச்சு. யாரும் ஜோடி சேர்த்துக்க மாட்டோம். ஓரமா உக்காந்து எங்க புள்ளியை எழுதிட்டிருப்பான். தங்கமான பையன்."

கூடத்துக்காரர் முறைத்தார். டாக்டர் பல்லைப் பிடுங்குவதுபோலவே பேச்சையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். போட்டதை இனி எடுக்க முடியாது.

வீட்டில் அவன் சொன்ன கதையே வேறு. "இன்னைக்கு நாலு பேரை ஓட விட்டேன்பா," என்பான் அப்பாவிடம். அவர் அதை டிப்போ முழுக்கச் சொல்லிவருவார். மகன் பதினேழு போட்டி ஜெயித்தவன் என்பது அவர் கணக்கு. வீட்டில் எப்போதோ அந்த மூடியைப் பார்த்துவிட்டு அவராகவே கட்டிக்கொண்டது, மகன் மறுக்கவில்லை.

ஆறு வருடம் அடுத்தவன் புள்ளியை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போய் ஆடினாள். ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை, பந்துகள் அவள் சொன்னபடி கேட்டன. பதினொன்று. பதினான்கு. பதினாறு. சிவப்பு மூலைக்குழியின் வாயிலேயே நின்றது. தள்ளினாள்.

"பத்தொன்பது!" என்று கூடத்துக்காரர் கை தட்டினார்.

ஒரு கணம் உடம்பெல்லாம் சந்தோஷம். யாரிடம் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தாள். உடனே முகம் செத்துவிட்டது. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பெற்ற பிள்ளை ஆறு வருடத்தில் எடுத்ததை ஏழு மாதத்தில் தாண்டிவிட்டவளுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கணவர் அவள் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தார். "இந்த நீலம் எங்கிருந்து வந்துச்சு?" மகனின் துணியில் ஆறு வருடம் பார்த்த நீலம் அது. அவள் உண்மையைச் சொன்னாள்.

"அவன் உயிரோட இருந்தப்ப வானத்துக்கும் பூமிக்கும் குதிச்ச. இப்ப நீ போய் ஆடுறியா?" அவர் குரல் உயரவில்லை. "அன்னைக்குக் காலையில நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா, அவன் நிதானமாப் போயிருப்பான். கால் வைக்கிறதுக்கு முன்னாடி பார்த்திருப்பான். பதினேழு போட்டி ஜெயிச்ச பிள்ளை. இன்னும் எங்கேயோ போயிருப்பான்."

இதைத்தான் இத்தனை மாதமும் அவர் வாய்க்குள் வைத்திருந்தார். அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் காதால் கேட்டபோது தாங்கவில்லை.

"போட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வெறும் பதினேழு புள்ளி. அவனுக்கு ஆட்டமே வராது. நான் நேத்து பத்தொன்பது எடுத்தேன்."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்து மகனின் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"கூடத்துக்காரரையே கேட்டேன். பதினேழு போட்டியாம். அவனை அடிச்சுக்க அங்க ஆளே இல்லையாம். செத்த பிள்ளை மேல பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் கண் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது. அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனிதர். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறார்.

"தப்புதான்," என்றாள்.

பெட்டியை மகனின் படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினார். படுக்கையை மகனின் அறைக்கு மாற்றிக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பதினேழு போட்டியின் கதையைச் சொல்வார். அவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தால், "ஆமா, நல்லா ஆடுவான்," என்பாள். அந்தப் பேச்சைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு இல்லை.

அடுத்த புதன்கிழமை கூடத்துக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவர் எங்கிட்ட கேக்கலம்மா. அவரே எல்லாத்தையும் சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்த்துட்டு நின்னார். எனக்கு வேற எதுவும் வாயில வரல. நான் வேணும்னா வந்து..."

"வேண்டாம். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்," என்றாள் அவள்.

பொதுக் கோல்களில் ஒன்றை எடுத்தாள். பல் டாக்டர் அன்றைக்கு அவராகவே கூப்பிட்டு அவளோடு ஆடினார். நூறுக்கு அறுபத்திரண்டில் தோற்றாள். "அடுத்த வாரமும் வாங்க," என்றார் அவர். போனாள், இப்போதும் போகிறாள். எங்கே போய் வருகிறாய் என்று கணவர் கேட்பதில்லை. அப்படியே ஒரு வருடம் ஆகிறது.