நூத்திப் பதினாலாம் கல்லு

நூத்திப் பதினாலு. நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க. வேப்பம்பட்டு தாண்டி இருந்த திராட்சைத் தோட்டத்துல கன்னியம்மாவ அப்படித்தான் கூப்புடுவாங்க. ஒவ்வொரு வரிசையிலயும் பந்தலத் தாங்குற மொதக் கல்லுக்கு நம்பரு போட்டு, வரிசைக்கு ஒரு ஆளு உடுவாங்க; அந்த நம்பருதான் ஆளுக்குப் பேரு. ஆளு போனா அந்த நம்பரும் போச்சு; புது ஆளுக்குப் புதுக் கல்லு, புது நம்பரு. வருசா வருசம் கொடி வெட்டி முடிச்சதும், அவங்கவங்க கல்லுல உளியால ஒரு கோடு போடணும். நாலு தலமொறையா ஒரே குடும்பத்துத் தோட்டம், அதே பழக்கம்.

தொண்ணூத்திரெண்டு, மே மாசம். அவ மவன் துலுக்கானம், ஆவடி பேக்டரியில பிட்டரு, பொண்டாட்டி கஸ்தூரியக் கூட்டிகினு அங்க வந்தான். பழம் துன்ன வரல. தோட்டத்த பிளாட்டு போடப் போறாங்க. அம்மா குடிசை நிக்கிற எடம் அம்மாவுக்குக் கெடைக்கணும்னா, பத்து வருசத்துக்கு மேல அவ இங்கதான் கீறான்னு மொதலாளி எழுதித் தரணும்.

வரப்பு வந்ததும் துலுக்கானம் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துகினான்.

"இன்னாய்யா, மணலு கொதிக்குது, கூத்து காட்றே?" கஸ்தூரி சிரிச்சா.

கூலியாளு செருப்போட உள்ள வரக் கூடாதுன்றது அவன் சின்ன வயசுச் சட்டம். பதினெட்டு வருசமா பேக்டரியில ஷூ போட்டும் அந்தப் பழக்கம் போவல. மாட்டினான். நாலடி போயி மறுபடி கழட்டினான்.

மொதலாளி உலகநாதன் சேர் போட்டாரு. துலுக்கானம் ஒக்காந்தான், எழுந்தான், பந்தலப் பாத்தான், மறுபடி ஒக்காந்தான்.

"இன்னாப்பா, சேர்ல மூட்டப்பூச்சியா?"

"அம்மா விசயமா, ஐயா..."

"மொதல்ல பழம் சாப்புடு." பந்தல் பக்கம் திரும்பிக் கத்தினாரு. "ஏ நூத்திப் பதினாலு! தண்ணி கொண்டா!"

சொம்போட வந்து நின்னது கன்னியம்மா. கஸ்தூரி வெடுக்குனு எழுந்து அத வாங்கினா. "நீ ஒக்காரு அத்தே." அத்தே ஒக்காரல.

துலுக்கானம் பேப்பர நீட்டினான். மொதலாளி படிச்சாரு. கையெழுத்து போட்டா ஒரு பிளாட்டு போயிடும்.

"பத்து வருசமா? நாலஞ்சு இருக்கும். முன்னாடி இருந்தவ வேற யாரோ."

துலுக்கானம் எழுந்தான். "இப்ப கூப்ட்டீங்களே, அந்த நம்பரு யாருது?"

"உங்கம்மாது."

"ஒரு நம்பருக்கு ரெண்டு ஆளு வெச்ச தோட்டமா இது?"

துலுக்கானம் செருப்ப மாட்டிகினு பந்தலுக்குள்ள பூந்தான். அம்மா கல்லுல காஞ்சி கெடந்த பூச்சி மருந்த நகத்தால சொரண்டி, ஒவ்வொரு கோடாத் தொட்டு சத்தமா எண்ணினான். கூடை தூக்குறவங்க, மருந்தடிக்கிறவங்க அத்தினி பேரும் வேலைய உட்டுட்டு வந்து நின்னாங்க. பாதி எண்ணும்போதே மொதலாளி பேனாவத் தொறந்துட்டாரு.

"சரி, சரி. எத்தினி வருசம்னு எழுதணும்?"

கல்லப் பாக்காமயே கன்னியம்மா சொன்னா.

"இருபத்தொம்போது."