தட்டச்சு வகுப்பில் எழும்பாத எழுத்து

ஊருக்கு வெளியே, பல்லடம் ரோட்டில் இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்துகூட பிள்ளைகள் வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கே தொழிற்பிரிவுகள் உண்டு என்பதுதான் காரணம். பொறியியலும் நெசவும் பையன்களுக்கு, தட்டச்சு எங்களுக்கு. யார் அப்படிப் பிரித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் அறைக்கும் பொறியியல் ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் இரும்பு கடையும் லேத் ஓடினால் பல் கூசும். இரும்பை எப்படிச் சீவுகிறார்கள் என்று யோசித்தே பாதி நாள் பிழையாக அடிப்பேன்.

ஒருநாள் என் மெஷினில் ‘e’ எழும்பவில்லை. “கோயமுத்தூர்லிருந்து ஆள் வரோணும், ஒரு மாசமாகும். அது வரைக்கும் அந்த எழுத்த உட்டுட்டு அடி கண்ணு” என்றார் டீச்சர். ‘e’ இல்லாத ஆங்கிலத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுத் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மெஷினைச் சாய்த்து அடியில் பார்த்தேன். ஒரு மெல்லிய கம்பி இரண்டாக ஒடிந்திருந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் இருவருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். நாலு பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இத எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?” என்றான் அவர்களில் நெட்டையானவன்.

“ஒரு கம்பி ஒடஞ்சிருச்சுங்க. செஞ்சு தர முடியுங்களா?”

அவர்களில் யாரும் தட்டச்சு மெஷினின் உள்ளே பார்த்ததில்லை. கை கழுவிய வேகத்தில் திருப்புளியை எடுத்து மெஷினை முழுக்கக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒரு கம்பிக்கு இவ்வளவையும் கழற்ற வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்து எண் போட்டேன்.

அவ்வளவு மெல்லிய கம்பி ஷெட்டில் இல்லை. என் ஜியாமெட்ரி பாக்ஸில், அப்பாவின் பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட பின்னல் ஊசிகள் கிடந்தன. முதல் ஊசியை வளைத்ததும் முறிந்தது. அடுத்ததை உலையில் பழுக்கவைத்து, சாம்பலில் ஆறவிட்டு வளைத்தான் நெட்டையன். பொருந்தியது. திரும்ப மாட்டும்போதுதான் எது எங்கே என்று அவர்கள் விழித்தார்கள். என் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கடைசித் திருகாணியை முடுக்கும்போது வாசலில் ஹெட்மாஸ்டர்.

“யாரக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க?”

“நாந்தானுங்க சார் கொண்டாந்தேன்.”

அவர் ஒரு விரலால் தட்டினார். ‘e’ எழும்பியது, மற்ற எழுத்துகளைவிட ஒரு மயிரிழை மேலே விழுந்தது. நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இன்னும் என்ன பாக்கோணும் உனக்கு?”

“லேத்துங்க சார்.”

அன்று மாலை வரை எங்கள் இருவரையும் வெளியே நிற்க வைத்தார். அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது: விருப்பமுள்ள மாணவிகள் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு ஷெட்டுக்குப் போகலாம். ஐந்து பேர் போனோம். பிரிவு மாற்றித் தரவில்லை. என் சான்றிதழில் தட்டச்சு என்றுதான் இருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை லேத் பக்கத்தில் நின்றேன். வெள்ளையாக இருந்த இரும்பிலிருந்து சீவிய சுருள் நீலமாக வந்தது. ஏன் நீலம் என்று கேட்டேன். ஷெட் வாத்தியார் மெஷினை நிறுத்தி, சுருளைக் குறடால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தன வருசம் பாக்கறேன், ஏன்னு நானே கேட்டதில்லியே” என்றார்.