மாலை போட்ட பெரியப்பா

எங்கள் பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே சந்தன மாலையோடு டிவியில் தொங்கினார். மாட்டிவிட்டவர் என் அப்பா.

வெகுகாலம் துணை இயக்குநராகவே இழுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு, அப்போதுதான் ஒரு கன்னட சீரியலை இயக்கும் வாய்ப்பு வந்திருந்தது. முதல் நாள் ஷூட்டிங்கில், கதாநாயகியின் இறந்துபோன புருஷன் படத்தை யாரும் கொண்டுவரவில்லை. சேனல்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஷோகேஸிலிருந்த பெரியப்பா படத்தை வரவழைத்து, பொட்டு வைத்து மாட்டிவிட்டார். ஒரு ஸீன்தானே என்று நினைத்திருக்கிறார். தினமும் வருகிற சீரியலில் ஒருமுறை மாட்டிய படத்தைக் கழற்ற முடியுமா? அந்த விதவை அதன் முன்னால் நின்று அழுவதில்தான் கதையே ஓடியது.

ஸ்ரீராம்புரத்தில் பெரியப்பா வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தவரே பெரியப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க தாலியோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எவளோ ஒருத்தி என் வூட்டுக்காரருக்கு வெள்ளப் பொடவ கட்டினு அழுவுறா! உனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலியா?"

"எடுத்துடறேன் அண்ணி. சேனல்ல கேட்டுப் பாக்கறேன்" என்றார் அப்பா, தலை நிமிராமல். கேட்டால் புது டைரக்டரின் கோளாறு வெளியே வந்து, அவரையே தூக்கிவிடுவார்கள் என்று அம்மா அழுதது எனக்குத் தெரியும்.

"ஒண்ணும் கேக்க வேணாம்" என்றார் பெரியப்பா. "என்னாட்டம் வேற யாரோன்னு சொல்லிக்கறேன். நீ போய் வேலையப் பாரு."

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சொந்த அண்ணனைச் சாகடித்துப் பிழைக்கிறவரின் பிள்ளை என்று எண்ணிக்கொண்டு பள்ளிக்கூட வேனில் வாயே திறக்கமாட்டேன். பெரியப்பா முகத்தைப் பார்க்கவே கூசும்.

அவரோ ஒரு நாள் விடாமல் அந்தச் சீரியலைப் பார்த்தார். ஆரம்பித்ததுமே பெரியம்மா சமையலறைக்குப் போய்விடுவாள். விதவை அழுது முடித்து, பெயர்கள் ஓடத் தொடங்கினால் ரிமோட்டை யாரையும் தொடவிடமாட்டார். கன்னடம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கடைசியில் டைரக்டர் என்று வரும் அப்பாவின் பெயரை உதடசைய முழுசாகப் படித்த பிறகுதான் எழுந்திருப்பார். பாவம், வயிறெரிந்து சபிக்கிறார் என்றே நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.