பதினோரு பக்க நியாயம்

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் ‘ஜட்ஜ்’ என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். குளியலறைக்கு வழுக்காத டைல் கேட்டு வருகிறவர்களிடம், பழைய டைலில் அவர்கள் வழுக்கி விழுந்தது யார் தப்பு என்று அரை மணி நேரம் விசாரிப்பார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அதே கதைதான். குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகுதான் அடுப்பை அணைப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்காவை வேலைக்குக் கொண்டுவிடப் போகும் வழியில், சிக்னலில் நின்றிருந்த அவருடைய காரை ஒரு ரொட்டி வேன் பின்னாலிருந்து இடித்தது. அக்கா பதறி முன்னால் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குகிறவள் அவள். அந்தக் கைதான் அவள் பிழைப்பு. அத்தானுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

வேன்காரர் இறங்கி ஓடி வந்தார். “தப்பு என்னோடதுதான் சார், பிரேக் போட லேட்டாயிடுச்சு. முதல்ல இவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்” என்று சொல்லி, அவரே ஒரு டாக்சியை நிறுத்தினார். அக்கா அதில் தனியாகத்தான் போனாள். கட்டியவர் டிக்கியிலிருந்து கடை டேப்பை எடுத்து, சாய்ந்த கழுத்தோடு ரோட்டில் குந்தி, வேன் டயர் தடத்தை அளந்துகொண்டிருந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா கையில் கட்டோடு, இடது கையால் இன்ஷூரன்ஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக அது அவள் கைப்பையில்தான் இருந்தது. அத்தான் அதன் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. அன்று அவளோடு உட்கார்ந்து நானும் படித்தேன். விஷயம் எளிதுதான். நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊரின் சட்டப்படி, விபத்தில் உடம்புக்கு அடிபட்டால் யார் தப்பு என்ற பேச்சே கிடையாது. அவரவர் கார் இன்ஷூரன்ஸே அவரவர் வைத்தியச் செலவைக் கொடுக்கும். வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, வீட்டு வேலைக்கு ஓர் ஆள், பிசியோதெரபி எல்லாம் உண்டு. இடித்தவர் மேல் கேஸ் போட வேண்டுமென்றால் காயம் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: முப்பது நாளுக்குள் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அக்கா சொல்லச் சொல்ல அவளுக்கு நான் எழுதினேன். இன்னொரு படிவத்தை அத்தானிடம் நீட்டினேன்.

“நம்ம இன்ஷூரன்ஸ்ல நாம எதுக்கு வாங்கணும்? வாங்கினா தப்பு நம்மளோடதுன்னு ஆயிடும்” என்றார்.

“ஆகாது அத்தான். தப்பைப் பத்தி இதுல ஒரு கேள்விகூட இல்ல.”

“இல்லையா? அப்ப இது என்ன படிவம்?”

திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். இவர் சிக்னலின் நிறத்திலிருந்து தொடங்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யார் மேல தப்புன்னு நாங்க கேக்கல சார். உங்களுக்கு எங்க வலிக்குதுன்னுதான் கேக்கறோம்” என்றாள். இவர் போனை வைத்துவிட்டார். தன்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆறு வாரம் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஆதாரம் திரட்டினார். விபத்து நடந்த இடத்தை மூன்று தடவை அளந்தார். எதிர்க் கடைக் கேமரா படத்துக்கு அலைந்தார். வேன்காரரையே இரண்டு தடவை தேடிப் போய், தப்பை ஒப்புக்கொள்ளச் சொன்னார். அந்த மனுஷர் மூன்றாவது தடவையாக ஒப்புக்கொண்டார். ஒருவரும் மறுக்காத விஷயத்தை நிரூபிக்க இந்த உலகத்தில் இத்தனை பாடுபட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நாற்பத்து மூன்றாம் நாள் வக்கீலிடம் போனார். துணைக்கு நான்.

வக்கீல் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்: “நியாயம் முழுக்க உங்க பக்கம்தான். ஆனா கழுத்துச் சுளுக்குக்கு இங்க கேஸ் நிக்காது. அதை விடுங்க, இன்ஷூரன்ஸ் படிவம் எப்ப குடுத்தீங்க?”

அத்தான் என்னைப் பார்த்தார். கழுத்து திரும்பாததால், பீரோவை நகர்த்துவது மாதிரி முழு உடம்பையும் திருப்பித்தான் பார்த்தார்.

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரே வாரத்தில் பதில் வந்தது: கெடு முடிந்துவிட்டது, தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் எழுதி அனுப்பவும். அந்தப் பெண்ணே போன் செய்து, “விதி தெரியாம விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதுங்க சார், பெரும்பாலும் ஒத்துக்குவாங்க” என்றாள். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாள்.

“ஒரு வரிதானே, எழுதிடுங்களேன்” என்றாள் அக்கா.

“எனக்குத் தெரியலைன்னு நான் எழுதணுமா?”

“தெரியலதானே?”

அதற்கு மேல் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் பதினோரு பக்கம் எழுதினார். வேனின் வேகம், டயர் தடத்தின் நீளம், ரொட்டிக் கம்பெனியின் அலட்சியம், கையால் வரைந்த இரண்டு படம். தாமதம் என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக இரண்டு வரியில் கடிதம் வந்தது. அதிலும் ஒரு வரி அவருடைய முகவரி.

அக்காவுக்கு எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தது. வாரம் மூன்று நாள் பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஓர் ஆள் வந்தார். கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கே வந்து கையைப் பழக்கினாள். ஒரு நாள் அத்தான் வாசற்படியில் நின்று, “அப்படியே என் கழுத்தையும் கொஞ்சம் பாத்துடும்மா” என்றார்.

“உங்க பேர்ல அனுமதி வரலையே சார். என்ன ஆச்சு?”

கேட்கக் கூடாத கேள்வி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிக்னலின் நிறத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். பிசியோதெரபி தொடங்கிய நான்காவது வாரம் அக்கா வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே ஒரு முன்பல்லைச் செதுக்கி முடித்ததாக எனக்குப் போன் செய்தாள். பின்னால் அவர் குரல் கேட்டது. யாரிடமோ டயர் தடத்தின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.