இரண்டு வேலை, ஒரு 'அண்டு', கடைசியில் ஓர் இடம்

எவர்சில்வர் டப்பாவின் இறுகிய மூடி 'டொப்'பென்று கழன்று வரும் சத்தத்தைக் கேட்டால் ஓர் ஆங்கில வாக்கியம்தான் எனக்கு இன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. "ஓப்பன் தி டப்பா அண்ட் டேக் தி சுகர் ஃப்ரம் தி டப்பா" என்று அம்மா ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடிக்கும்வரை, அடுப்பில் டீ பொங்கி வழிந்தாலும் சரி, யாரும் டப்பாவைத் தொடக்கூடாது என்பது, பூனாவை அடுத்த தேஹு ரோட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தபோது, ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டுச் சட்டமாக இருந்தது. சட்டம் போட்டவர் அப்பா.

அப்பாவுக்கு டெப்போவில், ராணுவச் சாமான்களை அடுக்கி வைத்து எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் வேலை. திருநெல்வேலியிலிருந்து எங்களைப் பூனாவுக்கு அழைத்து வந்தபோது குவார்ட்டர்ஸ் சீக்கிரமே கிடைத்துவிடும் என்று நம்பித்தான் வந்தார். கிடைக்கவில்லை. வெளி வாடகைக்கு ஒரு சம்பளம் பற்றாது என்று தெரிந்ததும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அம்மாவும் நானும் ஊருக்குத் திரும்பி மாமா வீட்டில் இருப்பது, அப்பா மட்டும் வேறு ஆட்களோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு லீவு கிடைக்கும்போது வந்து பார்ப்பது என்று பேச்சு முடிந்துவிட்டது. எனக்கோ அப்பா என்றால் உயிர். அவர் சைக்கிளின் முன்கம்பியில் ஏறி ஸ்டேஷன் ரோடு வரை போய்வராத ஒரு சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் கோடையிலும் நடக்கிற நர்சரிப் பள்ளிக்கு டீச்சர் தேடுகிறார்கள் என்ற செய்தி அம்மா காதில் விழுந்தது. வேலை கிடைத்தால் நாங்கள் போக வேண்டியதில்லை. அம்மா ஊரில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள்தான்; ஆனால் படித்ததெல்லாம் தமிழில். இங்கே ஆங்கிலத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். "இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேச வராதேங்க எனக்கு" என்றாள்.

"என்னத்த பெரிய இங்கிலீஷு! எங்க ஆபீசர் காலையில இருந்து பொழுதடையுற வரைக்கும் பேசுததெல்லாம் ரெண்டு வேலை, நடுவுல ஒரு அண்டு, கடைசியில ஒரு இடம். அதை எடு அண்டு டிராலியில வை. இதைக் கட்டு அண்டு ரேக்குக்கு அடியில தள்ளு. இவ்வளவுதாம்ளா. வீட்டுலயும் அப்படியே சொல்லு, நாங்க அப்படியே செய்யுதோம்" என்றார் அப்பா.

செய்தார் என்றால் செய்தார், அந்த மனிதர்! "கீப் தி மில்க் ஆன் தி கேஸ்" என்று அம்மா சொன்ன அன்று, பால் பாக்கெட்டைக் கொண்டுபோய் கேஸ் சிலிண்டர் தலையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அட கூறுகெட்ட மனுசா, பாத்திரத்துல ஊத்தி அடுப்புலல்லா வைக்கணும்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்ள, "அதை நீ சொல்லலியேளா" என்று அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ள, நான் பாயில் உருண்டு சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, எனக்கும் அந்த மொழி பெரும் பாடுதான். தமிழில் 'நாற்காலி மேல கொண்டுபோய் வை' என்றால் இடம் முதலில் தெரிந்துவிடுகிறது, காலுக்கு வழி தெரிகிறது. ஆங்கிலத்திலோ "டேக் தி பேக் அண்ட் கீப் இட்" என்று அம்மா தொடங்கியதுமே நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடிவிடுவேன். "ஆன் தி சேர்" என்பது பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். 'போய் எடுத்துக் கழுவி வை' என்று தமிழில் வேலைகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக வர, ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, நடுவில் ஓர் 'அண்ட்' வந்து சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஓடி ஓடி மூச்சு வாங்கியதுதான் அப்போது தெரிந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் அம்மா அப்பாவின் பேச்சைக் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் வெறுமனே 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசற்படி தாண்டக்கூடாது. 'போ' என்று வழியனுப்பவும் கூடாது. ஆகவே ஆங்கிலத்திலும் அப்பா சைக்கிளை எடுக்கும்போது "கோ அண்ட் கம்" என்பாள். "இங்கிலீஷ்ல அப்படிச் சொல்ல மாட்டாவ, பை சொன்னாப் போதும்" என்பார் அப்பா. "இங்கிலீஷ்காரன் என்னமும் சொல்லிட்டுப் போறான். வெளிய போற மனுசனைப் பாத்துத் திரும்பி வான்னு சொல்லாம எப்படிங்க அனுப்புதது?" என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள்.

பாடம் நடத்திக் காட்டும் நாளும் வந்தது. வீட்டில் விட ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனாள். ஜன்னலோரம் தலைமை ஆசிரியை, வெளுத்த காட்டன் புடவையில், சிரிக்காத மராத்தி அம்மாள். "கம் அண்ட் சிட் ஆன் தி மேட்" என்றாள் அம்மா. ஒரு பிள்ளையும் அசையவில்லை. மறுபடி சொன்னாள். மராத்தியும் இந்தியும் தெலுங்குமாகக் கலந்து கிடந்த அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவுக்குத் தெரிந்த அளவுகூட ஆங்கிலம் தெரியாது. எனக்கு அழுகை முட்டியது. அம்மா சட்டென்று தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் "டேக் தி மக் அண்ட் கீப் இட் ஆன் தி ஹெட்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் மக்கை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். மிச்சமிருந்த தண்ணீர் நெற்றிப் பொட்டை நனைத்து மூக்கில் வழிந்தது. அவ்வளவுதான், வகுப்பே எழுந்து வந்துவிட்டது. கடைசி மணி அடிக்கும்வரை மக் தலைமேல், பாய்க்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று ஊர்வலம் போனது.

பிள்ளைகள் கிளம்பும்போது வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு, "கோ ஹோம் அண்ட் கம் டு ஸ்கூல் டுமாரோ" என்றாள். அவளால் வேறு மாதிரிச் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற பள்ளி ஆயா அதைப் பிள்ளைகளுக்கு இந்தியில் திருப்பிச் சொன்னாள். தலைமை ஆசிரியையோ, இன்னொரு பெண் வந்திருக்கிறாள், கான்வென்ட்டில் படித்தவள், நாளை முதல் அவள் வருவாள் என்று இந்தியில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்த அப்பா பெட்டியைப் பார்த்தார். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்று எங்கள் வீட்டில் ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு பள்ளி ஆயா மூச்சிரைக்க வந்து நின்றாள். "டீச்சர், ஜல்தி சலோ!" என்று அவசரப்படுத்தினாள். நாங்கள் ஓடினோம். கான்வென்ட் பெண் சுவரோரம் திகைத்து நிற்க, பிள்ளைகள் பாயில் உட்காராமல் வாசலை அடைத்துக்கொண்டு, நேற்றைய டீச்சர் வரச்சொன்னார், வந்துவிட்டோம், அவர் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தன. ஒரு குட்டிப் பெண் தலையில் மக்.

தலைமை ஆசிரியை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு வாங்க என்று இவர்களுக்கு வாக்குக் கொடுக்க உன்னை யார் சொன்னது?" என்றார் இந்தியில். பிறகு பெருமூச்சு விட்டு, "கூப்பிட்டவள் நீ, நீயே பார்த்துக்கொள்" என்றார்.

இப்போது பூனாவிலேயே ஹடப்சரில் என்னோடுதான் இருக்கிறாள் அம்மா. அந்த நர்சரி இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. ஒற்றை அறை வரிசையையும் இடித்துவிட்டார்கள். என் பிள்ளைகள் அம்மாவிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். நான் காலேஜுக்குப் போகுமுன்பே அப்பா இறந்துவிட்டார். மாமா வீட்டில் வளர்ந்திருந்தால் வருஷத்தில் ஒரு மாதம் வந்து போகிற விருந்தாளியாகத்தான் அவரை அறிந்திருப்பேன். அவர் குறட்டையும், பீடி வாசமும், கணக்குப் போடத் தெரியாமல் நான் அவரிடம் வாங்கிய குட்டும், ஒவ்வொரு சாயங்காலமும் சைக்கிள் முன்கம்பியில் என் முதுகோடு ஒட்டியிருந்த அவர் நெஞ்சுச் சூடும் என்று அப்பா எனக்கு முழுசாகக் கிடைத்தார். அது அம்மா தன் தலையில் மக்கைக் கவிழ்த்து வாங்கித் தந்தது.