வட்டிலப்பமும் எட்டு ஜிபியும்

வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு கிராபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுக்கக் கூடாது.

சிரிக்காதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் மகள் நிரோஷாவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. வீடு கட்டுவதற்கு முன்பே, கட்டி முடித்தால் அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது அவளுடைய தொழில். எங்கள் இரத்தோட்டைப் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு இது இப்போது அத்தியாவசியமாகிவிட்டது. மகன் துபாயில் இருந்தபடி போனில் படத்தைப் பார்த்து 'சரி' என்றால்தான் இங்கே அத்திவாரம் வெட்டுவார்கள். அப்படி வீட்டிலிருந்தே துண்டு துண்டாக வேலை செய்துகொண்டிருந்தவளை, கண்டியில் ஒரு நிறுவனம் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டது.

அதற்கு முன் ஒரு சோதனை. ஒரு வீட்டின் வாசலால் நுழைந்து அறை அறையாக நடந்து பார்ப்பது போல ஒரு வீடியோ செய்ய வேண்டும். திங்கட்கிழமை பகலுக்குள் அனுப்ப வேண்டும்.

பிள்ளையிடம் கைத்திறமை இருக்கிறது. கம்ப்யூட்டரிடம்தான் இல்லை. ஒரு ஜன்னலில் வெயில் விழுவதைக் காட்டச் சொன்னாலே அது அப்படியே உறைந்து நிற்கும். இந்த மாதிரி வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று பூட்ட வேண்டுமாம். படம் வரைவதற்கென்றே ஒரு தனி மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியது வாங்குவது பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கைமாறிய பழைய கார்டுகள் இரண்டு கண்ணில் பட்டன. சந்தையில் இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்று, மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் இருந்த ஜிடிஎக்ஸ் 1650. மெமரி நான்கு ஜிபி. இன்னொன்று, பலாபத்வலையில் என் பள்ளிக்கூடத் தோழன் பாரூக் வீட்டில் இருந்த ஆர்எக்ஸ் 580. எட்டு ஜிபி.

எட்டு பெரிதா, நான்கு பெரிதா? இதற்கு ஏன் யூடியூபில் மணிக்கணக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நிரோஷா பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"580 நல்ல கார்டுதான்ப்பா. வேகமும் கூட. ஆனா கரண்ட்டைக் குடிச்சிரும். நம்ம பவர் சப்ளை பழசு, தாங்காது. 1650 அப்படியில்ல... தனி வயர்கூடத் தேவையில்ல. குத்துனா வேலை செய்யும்."

"எட்டை விட்டுட்டு யாராச்சும் நாலை வாங்குவாங்களா?"

"நமக்கு வேண்டியது நாலுதான்ப்பா."

சரி, பிள்ளைக்குத் தெரியாததா என்று தலையாட்டினேன். கடைக்காரரும் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அதை எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டார். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்... முடியவில்லை. ஏனென்றால், பாரூக் எங்களை வரச் சொல்லியிருந்தான்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் அவனைக் கண்டேன். பேச்சுவாக்கில், "மகன் கட்டாருக்குப் போன பிறகு அந்த கம்ப்யூட்டர் சும்மாதானே மச்சான் கிடக்கு?" என்று கேட்டேன். "சும்மாதான் ஈக்கி... ஏன்?" என்றான். நிரோஷாவுக்கு ஒரு கார்டு தேடுகிறோம் என்றேன். அவ்வளவுதான். அடுத்த நாளே போன் வந்தது.

"சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கிட்டு வா மச்சான். வந்து பாரு."

ஓஹோ, ஆள் விற்கிற யோசனையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டும் போகாவிட்டால் என்ன நினைப்பான்? சனிக்கிழமை காலை, கடைக்குப் போகப் புறப்பட்ட மகளை முதலில் பலாபத்வலை பஸ்ஸில் ஏற்றினேன்.

"பாக்குறதோட சரியாப்பா?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"பாக்குறதோட சரி. சும்மா முகத்தைக் காட்டிட்டு வந்துருவோம்."

முகத்தைக் காட்டினோம். அங்கேதான் அகப்பட்டோம்.

நம் ஊரில் ஒரு வீட்டுக்குச் 'சும்மா பார்க்க' யாராவது போக முடியுமா? நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் பாரூக்கின் மனைவி மேசை விரிப்பை மாற்றிவிட்டார். இடியப்பம் வந்தது, கோழிக்கறி வந்தது. "காலையிலயே ரெண்டு பேரும் சாப்பிட்டோம்" என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் மணக்க, தட்டு நிறைய. முந்தின நாளே அவித்து வைத்திருக்கிறார். எங்களுக்காக.

"மகள், இன்னொரு துண்டு வைக்கவா?"

"போதும் ஆன்ட்டி..."

"என்னத்த போதும்!" என்று இன்னொரு துண்டு விழுந்தது.

பிறகுதான் பாரூக் உள்ளே போய் கார்டைக் கொண்டு வந்தான். புது டவல் ஒன்றில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேசை மேல் மகனுடைய கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி இல்லாமல் நின்றது. கார்டைக் கழற்றியே வைத்திருக்கிறான்! பார்க்க வந்தவனுக்கு முன்னால் கழற்றிய சாமானை வைத்தால், அவன் என்ன சொல்வான்? 'பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. வயிற்றில் அவர்கள் வீட்டு வட்டிலப்பம் வேறு.

"மகளுக்கு இது சரிதானே?" என்று பாரூக் நிரோஷாவைக் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன்.

"அங்கிள், கார்டு நல்லதுதான். எங்க வீட்டு பவர் சப்ளைதான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் சரியா வரும்!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "எட்டு ஜிபி ஆச்சே! இதைவிட வேற என்ன வேணும்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் முன்னால் அப்பாவை மறுத்துப் பேசாத பிள்ளை. அப்படித்தான் வளர்த்தோம் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன்! அந்தப் பெருமைக்கு அன்று நல்ல விலை கொடுத்தோம்.

பாரூக் காசு வாங்க மாட்டேன் என்றான். நான் அவன் சட்டைப்பையில் திணித்தேன். திரும்பி வரும்போது அவள் டவலோடு கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "கடைக்காரர் பாவம்ப்பா, எடுத்து வச்சிருக்காரு. வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்று தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் ரோட்டோரம் நின்றேன். எனக்கு அந்தக் கடை வாசலை மிதிக்க முகம் இல்லை.

அன்று பின்னேரமே ஏதோ மாற்று வயரைக் கோத்துக் கார்டைப் பூட்டினாள். திரை வெளிச்சமானது. "பாத்தியா?" என்றேன், நான் கண்டுபிடித்த மாதிரி. வாசல் வந்தது, ஹோல் வந்தது, சமைக்கிற குசினி வரும் நேரத்தில்... டப். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி குசினி வாசலில் டப். பவர் சப்ளைக்கு மூச்சு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கூத்து. கடைகளோ பூட்டிக் கிடந்தன. கடைசியில் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, அது இல்லாமலே வேலையை நகரும் வரைக்கும் நகர்த்தினாள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நான் அந்தக் கடைக்கு ஓடினேன். 1650 சனிக்கிழமையே போய்விட்டது.

பாதி வீடுதான் அனுப்பினாள். குசினிக்கு அப்பால் வெறும் அசையாத படங்கள். அந்த வாரக் கடைசியில் நிறுவனத்திலிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம்.

"பரவால்லப்பா" என்றாள்.

நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த 'பரவால்ல' இருக்கிறதே... இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் அதுதான் காதில் கேட்கிறது. அவள் ஏசாததையும் சேர்த்து என் மனைவி ஏசினாள்.

"மத்தவங்க கார்டைப் பாத்து கார்டு வாங்குவாங்க. நீங்க மூஞ்சியைப் பாத்து வாங்குனீங்க!"

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எப்படி? பாரூக் மனம் நோகாதா? ஆசையாக டவலில் சுற்றித் தந்தவனாயிற்றே! இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். போன வாரம் அவனே போன் எடுத்தான். குரலில் ஒரே தயக்கம்.

"மச்சான்... ஒன்னு கேட்டா கோவிக்க மாட்டியே?"

"சொல்லுடா."

"மகள்ட வேலை முடிஞ்சிட்டுன்னா... அந்தக் கார்டைத் திருப்பி எடுக்க ஏலுமா? மகன் லீவுல வாறான். அவன் வேணாம் வாப்பா, கழட்ட வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல்ல. இப்ப போன் எடுத்தா உம்மாவோட மட்டும்தான் பேசுறான்."

"அப்ப நீ ஏன்டா தந்த?"

"நீ கேட்டியே மச்சான், கல்யாண வீட்டுல. உனக்கு எப்படி இல்லன்னு சொல்ற?"

கவனித்தீர்களா? அவனுக்கு விற்க மனமில்லை. எனக்கு வாங்க மனமில்லை. ஒருவன் மனம் நோகக் கூடாது என்று மற்றவன் பார்த்துப் பார்த்து நடந்ததில், அவன் மகனும் என் மகளும் நொந்துபோனார்கள். சொந்தப் பிள்ளைகளைத்தான் நமக்குச் சுலபமாக நோகடிக்க முடிகிறது... அவர்கள் 'பரவால்ல' என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா?

நிரோஷாவுக்கும் அது சரிவரவில்லை என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "அடப்பாவி, அங்கேயே சொல்லியிருக்கலாமேடா" என்றான் மெதுவாக. சிரிக்க வேண்டிய விஷயம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நேற்று முன்தினம் கார்டை அதே டவலில் சுற்றிக்கொண்டு நானும் நிரோஷாவும் போனோம். இந்த முறை பாரூக் என் சட்டைப்பையில் காசைத் திணித்தான். பாரூக்கின் மனைவி சும்மா விடுவாரா? வட்டிலப்பத் தட்டோடு வந்தார்.

நிரோஷா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்த முகமாக, "வேணாம் ஆன்ட்டி. எனக்கு இனிப்பு அவ்வளவா பிடிக்காது" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. இதென்ன பெண்! என்ன நினைப்பார்கள்?

"அட, முந்தியே சொல்லியிருக்கலாமே மகள்! அப்ப கொய்யாப்பழம் வெட்டித் தரவா?" என்றார் அவர். நிரோஷா சரியென்றாள். இருவரும் பேசிக்கொண்டே குசினிக்குப் போனார்கள்.

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. யார் முகமும் கறுக்கவில்லை. அன்றைக்கே இந்தப் பிள்ளையைப் பேச விட்டிருந்தால், இந்நேரம் கண்டி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

தட்டு என் முன்னால் இருந்தது. வேண்டாம் என்று எனக்குத்தான் சொல்ல வராதே... அவள் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.